தலைகீழ்ப் பின்னம்

என் தங்கைக்குப் பாட்டு வராது. தன்னடக்கத்துக்குச் சொல்கிற ‘வராது’ இல்லை இது. அவள் பாட ஆரம்பித்தால் வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஆனால் அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. கண் தெரியாதவர்கள் எல்லாரும் நன்றாகப் பாடுவார்கள் என்று எவன் கிளப்பிவிட்டானோ தெரியவில்லை, அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இரண்டாவது கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள். அவளுடைய பள்ளித் தலைமை ஆசிரியர் கேட்கக்கூட இல்லை, முடிவே செய்துவிட்டார்.

“பாட்டு டீச்சர் இடம் காலியா இருக்காம். எனக்கு ரொம்பப் பொருத்தமா இருக்குமாம்.” அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைச் சோபாவில் வீசிய வீச்சில் தண்ணீர் பாட்டில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

“நீ கணக்கு டீச்சர்டி.”

“கணக்குக்குத்தான் புதுசா ஒரு கம்பெனி மென்பொருள் வருதாமே. எல்லாம் படம். தொட்டா பூ விரியுமாம், சரியா சொன்னா பட்டாசு வெடிக்குமாம். வாயே கிடையாது, ஒரு வார்த்தை பேசாது. நீங்க அங்க நின்னு என்னம்மா பண்ணப் போறீங்கன்னு கேக்கறார். ரொம்ப அன்பா கேக்கறார் அக்கா. அதைத்தான் தாங்க முடியல.”

எனக்கு உச்சந்தலை சூடானது. கணக்கைக் கரைத்துக் குடித்தவள் அவள். இடைநிலை வகுப்புகளில் கணக்கு என்றாலே வயிற்றுவலி வருகிற பிள்ளைகள், அவளுடைய வகுப்புக்கு மணி அடித்தால் முன்பெஞ்சுக்கு அடித்துக்கொள்வார்கள். அவளைக் கொண்டுபோய் ஆர்மோனியத்தின் முன்னால் உட்காரவைக்கப் பார்க்கிறார்கள், ஒரு பூ விரிகிறதாம் என்பதற்காக.

இப்போது அவள் வகுப்பில் ஓடுவது என் மென்பொருள். ‘என்’ என்று சொல்லக் கூடாது, நாக்கு பழகிவிட்டது. அதன் பெயர் கணக்குப்பெட்டி. நான் பகலில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். மிச்ச நேரத்தில் தங்கைக்காக எழுத ஆரம்பித்த பயிற்சிக் கணக்கு மென்பொருள் அது. அதை இயக்குவதற்காக நான் எழுதிய வரிகளை, அதாவது நிரலை, எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம், திருத்தம் நன்றாக இருந்தால் நான் உள்ளே சேர்ப்பேன். அப்படி முகம் தெரியாத பல ஊர் வாத்தியார்கள் கணக்குகளைக் கொண்டுவந்து கொட்டியதில் பெட்டி நிறைந்துவிட்டது.

ஆனால் பெட்டிக்குப் பேச வராது. திரையில் இருக்கிற கணக்கை வாய்விட்டுப் படிக்கிற வேலையை இன்னொரு மென்பொருள் செய்கிறது. அதன் பெயர் வாயாடி. அதுவும் என்னுடையதைப் போலத் திறந்து வைக்கப்பட்டதுதான். தங்கை வகுப்பில் ஒரே கணினி, ஒரு பழைய ஸ்பீக்கர். பெட்டி கணக்கை எடுத்துக் கொடுக்கும், வாயாடி சத்தமாகப் படிக்கும், பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். கண் தெரிகிற பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் அங்கே ஒரே கணக்கு, ஒரே நேரத்தில்.

வாயாடியை எழுதியவர் வாயே திறக்காத மனிதர். ஒருமுறை இந்த மாதிரி மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடிய கூட்டத்தில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடியும்வரை ஒரு ‘ம்’கூட வரவில்லை. வெளியே வந்ததும் தங்கை சொன்னாள், “அந்த ஆளு சரியான உம்மணாமூஞ்சி. எனக்கே தெரியுது பாரேன்.” அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் உம்மணாமூஞ்சிதான்.

அவருக்கும் எனக்கும் பின்னத்தில்தான் சண்டை. நான்கில் மூன்று என்று ஒரு பின்னம் இருந்தால், என் பெட்டி முதலில் மூன்றை எழுதும், அடுத்து நான்கை எழுதும். காகிதத்தில் மூன்றுதானே மேலே இருக்கிறது? மேலிருந்து கீழே எழுதுவதுதானே முறை? வாயாடியோ முதலில் வருவது கீழ் எண் என்று எடுத்துக்கொள்ளும். ஏனென்றால் நாம் வாயால் சொல்லும்போது ‘நான்கில்’ என்பதுதான் முதலில் வருகிறது. ஆகவே என் பெட்டி ‘மூன்று, நான்கு’ என்று நீட்டினால், வாயாடி வெட்கமே இல்லாமல் ‘மூன்றில் நான்கு’ என்று தலைகீழாகப் படிக்கும்.

இதற்கு அவர் எனக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். கூடவே குறிப்பு: ‘பின்னம் கீழிருந்து மேல். மாற்றவும்.’ அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, தயவுசெய்து கிடையாது. மாற்றவும்! நான் என்ன அவர் வீட்டு வேலைக்காரியா? ‘மேலிருந்து கீழ். உங்களுடையதை மாற்றவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இதெல்லாம் எல்லாரும் பார்க்கிற இடத்தில் நடக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். எழுதுவது பெரிதா, சொல்வது பெரிதா என்று நீண்டுகொண்டே போனது. இரண்டு வருடம். இரண்டு மென்பொருளும் அப்படியே நின்றன.

“நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறீங்க, என் பிள்ளைங்க தலைகீழா கேக்குதுங்க,” என்று தங்கை அடிக்கடி சொல்வாள். அவள் வகுப்பில் ஒரு சட்டமே போட்டிருந்தாள். மெஷின் சொல்கிற பின்னத்தை மனசுக்குள் புரட்டிப்போட்டு எழுத வேண்டும். ‘மூன்றில் நான்கு’ என்று காதில் விழுந்தால் கை ‘நான்கில் மூன்று’ என்று எழுதும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சட்டென்று பழகிவிட்டார்கள்.

கம்பெனி விஷயம் தெரிந்ததும் தங்கை சும்மா இருக்கவில்லை. கல்வி அலுவலகத்துக்கு அவளே போன் போட்டாள். எந்த மென்பொருளைப் பள்ளிகளில் போடுவது என்று முடிவு செய்கிற பெண் அதிகாரியைப் பிடித்தாள். “கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டு வேடிக்கை பாக்கறீங்க இல்ல மேடம், எங்களையும் கூப்பிட்டுப் பாருங்க,” என்றாள். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதே நாளில் அதே அறையில் நேரம் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு தனித்தனி மென்பொருள் என்கிறீர்களே, இரண்டும் சேர்ந்து ஒன்றாக ஓட வேண்டும். ஓடினால் யோசிப்பேன், ஓடாவிட்டால் கம்பெனிதான்.

போனை வைத்ததும் தங்கை என் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுக்கோ அக்கா. அன்னிக்கு அந்த ரூம்ல மெஷின் தலைகீழா பேசிச்சுன்னா நான் பாட்டு டீச்சர். அப்புறம் தினமும் வீட்டுக்கு வந்து உனக்குத்தான் பாடிக் காட்டுவேன்.”

“அந்த ஆளை மாத்தச் சொல்லு.”

“அவர்கிட்டயும் இதையேதான் சொல்லப் போறேன்.”

சொன்னாள். எனக்கு எதிரிலேயே போன் போட்டு அவரையும் கிழித்துத் தொங்கப்போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ‘ம்’ மட்டும் வந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஆள் மாற்ற மாட்டார், கல்லுளிமங்கன். தங்கை ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டு என் பெட்டியை மாற்றினேன். கீழ் எண் முதலில், மேல் எண் அடுத்து. அவருடைய வாயாடியின் பழைய பிரதி ஒன்று என் கணினியில் இருந்தது, அதோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். ‘நான்கில் மூன்று’ என்று கிளி மாதிரி சொன்னது. எங்கள் வேலையில் எதை மாற்றினாலும் இன்ன காரணத்துக்காக மாற்றினேன் என்று எல்லாரும் படிக்க எழுதிவைப்பது வழக்கம். நான் எழுதவில்லை. ‘சிறு சுத்தம்’ என்று மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ஊரறியத் தோற்க எனக்கு மனம் வரவில்லை.

கல்வி அலுவலகத்தில் எங்களுக்குக் கொடுத்த அறையில் நீளமான மேஜை, அதைச் சுற்றி ஆளுக்கொரு மாதிரி நாற்காலிகள். சுவரில் கடிகாரம் நின்றுபோயிருந்தது. மேஜைத் தலைப்பில் அதிகாரி அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். கம்பெனி ஆள் முன்னாலேயே வந்து பெரிய திரையை மாட்டி வைத்திருந்தார். தங்கை உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுருக்கி, என் காதில், “யாருக்கா இது, சென்ட்டு பாட்டிலோட குளிச்சிட்டு வந்திருக்கறது?” என்றாள். உம்மணாமூஞ்சி ஏற்கனவே மூலையில் தன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

சென்ட்டுக்காரர் முதலில் காட்டினார். பூ விரிந்தது, பட்டாசு வெடித்தது, ஒரு கரடி கைதட்டியது. நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எதிலும் சத்தமே இல்லை, ஆகவே தங்கைக்கு மட்டும் அது ஒரு நிசப்தமான அறை. அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தது நாங்கள். அலுவலகக் கணினியில் அன்று காலைதான் இரண்டு மென்பொருளையும் புத்தம் புதிதாக இறக்கி வைத்திருந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் நான்கில் மூன்று தெளிவாகத் தெரிந்தது. தங்கை பொத்தானை அழுத்தினாள்.

“மூன்றில் நான்கு,” என்றது வாயாடி.

அதிகாரி அம்மாள் திரையைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். சென்ட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “மூணு பங்குல நாலு பங்கா? இலவசம்னா இப்படித்தான் மேடம். கொசுறா ஒண்ணு சேத்துக் கொடுக்கறாங்க.”

நான் மாற்றினேனே? சோதித்துப் பார்த்தேனே? என் மாற்றத்தில்தான் ஏதோ தப்பு என்று நினைத்தேன். “ஒரு நிமிஷம் மேடம்” என்று சொல்லிவிட்டு என் மடிக்கணினியில் பரபரவென்று பழையபடியே திருப்பி வைத்தேன். வேர்த்து ஊற்றியது. மூலையிலும் விசைப்பலகை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, ஏன் என்று நான் யோசிக்கவில்லை. இரண்டையும் மறுபடி இறக்கினார்கள். தங்கை பொத்தானை அழுத்தினாள்.

“மூன்றில் நான்கு.”

அப்போதுதான் மூலையிலிருந்து சத்தம் வந்தது. உம்மணாமூஞ்சியின் வாயிலிருந்து, முழு வாக்கியமாக.

“நான் நேத்து மாத்திட்டேங்க.”

“எதை?”

“வாயாடியை. மேல் எண் முதல்லன்னு. நீங்க எழுதற மாதிரியே.” அவர் முகம் சிவந்துவிட்டது. “இப்ப அதுதான் தப்புன்னு நினைச்சு, பழையபடி திருப்பிட்டேன்.”

“ஐயோ, நானும் நேத்து மாத்தினேன்! கீழ் எண் முதல்ல, நீங்க சொன்ன மாதிரி. நானும் இப்பதான் திருப்பினேன்!”

ஊரறியச் சண்டை போட்டவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் சமாதானம் ஆகியிருந்தோம். நான் அவர் இடத்துக்குப் போக, அவர் என் இடத்துக்கு வந்திருக்கிறார். இருவரும் பயந்து திரும்பி ஓடியதில் மறுபடியும் பழைய இடத்திலேயே வந்து நின்றோம். உலகத்தில் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறவர்களும் இப்படி ஒரு முட்டாள்தனத்தை இவ்வளவு சுத்தபத்தமாகச் செய்திருக்க முடியாது.

சென்ட்டுக்காரர் இப்போது வாய்விட்டே சிரித்தார். “நேரம் ஆகுது மேடம். இவங்க வீட்டுக்குப் போய்ப் பேசி முடிச்சிட்டு வரட்டும்.”

தங்கை எழுந்தாள். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு வந்த திசைக்கு நேராகத் திரும்பினாள்.

“சிரிச்சு முடிச்சிட்டீங்களா சார்? இல்ல இன்னும் பாக்கி இருக்கா? இருந்தா சிரிச்சிடுங்க, நான் வெயிட் பண்றேன்.” பிறகு அதிகாரி இருந்த பக்கம் திரும்பினாள். “மேடம், இவங்க ரெண்டு பேரும் பண்ணினது மடத்தனம்தான். ஆனா என்ன தப்புன்னு உங்க முன்னாடியே தெரிஞ்சிடுச்சு. டீ குடிக்கற நேரம் கொடுங்க. இங்கேயே, இந்த மேஜையிலேயே சரி பண்ணிக் காட்டறோம். முடியலைன்னா நானே எழுந்து போயிடறேன்.”

“டீ குடிக்கற நேரத்துலயா?” என்றார் அதிகாரி.

“கொஞ்சம் சூடா கொண்டுவரச் சொல்லுங்க மேடம். ஆறறதுக்கு நேரம் ஆகும்.”

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீக்குச் சொல்லி அனுப்பினார்.

நான் உடனே என் மடிக்கணினியைத் திறந்தேன். “நீங்க அப்படியே இருங்க, நான் மாத்தறேன்,” என்றேன். “இல்லைங்க, நான் மாத்தறேன்,” என்றார் அவர். இரண்டு பேர் கையும் விசைப்பலகையில் இருந்தது. தங்கை மேஜையைப் படீரென்று தட்டினாள்.

“கையை எடுங்க ரெண்டு பேரும்! யாரும் எதையும் மாத்தக் கூடாது. எது முதல்ல, எது முதல்லன்னு ரெண்டு வருஷமா உயிரை வாங்கறீங்களே, என் வகுப்புல நான் அந்தக் கேள்வியைக் கேக்கவே மாட்டேன், தெரியுமா? எது மேல, எது கீழன்னுதான் கேப்பேன். பிள்ளை எதை முதல்ல சொன்னாலும் எனக்கு ஒண்ணுதான். பக்கத்துல மேல், கீழ்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?”

நான் உம்மணாமூஞ்சியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு. மேல் மூன்று, கீழ் நான்கு. வரிசை எப்படி வந்தால் என்ன? இவ்வளவு சின்ன விஷயம் எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் யார் ஜெயிப்பது என்ற கேள்வியே இல்லாமல் போயிருக்கும், அதனால்தான் தோன்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

“ஒரே மெஷின்ல,” என்றாள் தங்கை. “பக்கத்துல பக்கத்துல உக்காந்து. தனித்தனியா விட்டா நீங்க உருப்பட மாட்டீங்க.”

அவர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். அதற்கு ஒரு கால் குட்டை, டக்டக் என்று ஆடியது. நான் பெட்டியில் சீட்டு ஒட்டினேன், அவர் வாயாடிக்குச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் ஒரு இடத்தில் தப்பாக எழுதினால் விரலால் திரையைத் தொட்டார். அவர் ஒரு இடத்தில் தடுமாறினால் நான் வாயால் சொன்னேன். திடீரென்று நான் கையை நிறுத்தினேன்.

“பழைய கணக்குங்க இருக்கே! வாத்தியாருங்க அனுப்பினது, பெட்டி நிறைய. அதுல சீட்டு கிடையாதே.”

“சீட்டு இல்லாம வந்தா அது உங்க பழைய முறைன்னு எடுத்துக்கறேன்,” என்றார் அவர். “முதல்ல வர்றது மேல் எண். நீங்கதானே முதல்ல எழுதி வச்சீங்க. இருக்கட்டும்.”

இரண்டு வருடமாக இந்த மனிதர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தை அது. வந்தபோது ஜெயித்த மாதிரியே இல்லை. “உங்க திருத்தத்தையும் அன்னிக்கே நான் ஒழுங்கா படிச்சிருக்கலாம்,” என்று முணுமுணுத்தேன். அவர் ‘ம்’ என்றார்.

டீ வந்து, ஆறி, ஆடை படிந்துவிட்டது. இந்த முறை என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எல்லாரும் படிக்க எழுதினோம். இரண்டு மென்பொருளுக்கும் ஒரே குறிப்பு. கீழே யோசனை சொன்னவர் என்று தங்கையின் பெயரைப் போட்டோம்.

“நானே போட்டுப் பாக்கறேன்,” என்று அதிகாரி அம்மாள் எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே ஐந்தையும் கீழே எட்டையும் அடித்தார்.

“எட்டில் ஐந்து,” என்றது வாயாடி.

பழைய கணக்கு ஒன்றைத் திறந்தார். “நான்கில் மூன்று.” இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் நேராக வந்தது. தங்கை விரலால் மேஜையில் தாளம் போட்டாள். அதுவும் தப்புத் தாளம்.

அதிகாரி சென்ட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “உங்களுது பேசுமா?”

“அடுத்த பதிப்புல வரும் மேடம்.”

“இவங்க இப்ப இங்க உக்காந்து பண்ணினாங்களே, அந்த மாதிரி இப்ப திறந்து பண்ண முடியுமா?”

“அதைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்ல மேடம்.” அவர் கொஞ்சம் தயங்கினார். “எனக்கே இல்ல.”

ஆனால் ஆள் சாமானியப்பட்டவர் இல்லை. சட்டென்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “நான் ஒண்ணு கேக்கறேன் மேடம். எங்களுக்கு ஆபீஸ் இருக்கு, போன் நம்பர் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா எங்க சட்டையைப் பிடிக்கலாம். இவங்களுக்கு என்ன இருக்கு? ஒருத்தர் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்க, இன்னொருத்தர் பேசவே மாட்டேங்கறார். நாளைக்கு மறுபடி முட்டிக்கிட்டாங்கன்னா? இதுக்கு யார் பொறுப்பு?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “நியாயமான கேள்வி. சொல்லுங்க, யார் பொறுப்பு?”

“நான்,” என்றேன்.

“நான்,” என்றார் உம்மணாமூஞ்சி.

இரண்டு ‘நான்’களும் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டன. நாங்கள் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். மறுபடியும் தெரியாமல் ஒரே வேலையைச் செய்திருந்தோம்.

“அப்பாடா,” என்றாள் தங்கை. “இதையாவது பின்வாங்காம இருங்க.”

நான் பின்வாங்கவில்லை. எழுந்து நின்றே சொன்னேன். “சட்டையைப் பிடிக்கணும்னா என் சட்டை இருக்கு மேடம், இவர் சட்டை இருக்கு. நாங்க ரெண்டு பேரும் செத்துப்போனாலும் நிரல் திறந்தே இருக்கும், வேற யாராவது வந்து சரி பண்ணுவாங்க. இவருடைய கம்பெனி மூடிட்டா எந்தச் சட்டையைப் பிடிக்கறது?” என் குரல் நடுங்கியது. கோபத்தில் எனக்கு எப்போதும் நடுங்கும், அதைப் பயம் என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். அதிகாரி அம்மாள் அப்படி நினைக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பருவம் முழுக்கத் தங்கையின் பள்ளியிலும் இன்னும் சில பள்ளிகளிலும் எங்களுடையது ஓடட்டும், அதைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்கிறேன் என்றார். கணக்கு டீச்சரை யாரும் அதுவரை நகர்த்தக் கூடாது என்றும் சொன்னார்.

அந்தப் பருவத்தின் முதல் வகுப்புக்கு நாங்கள் இருவரும் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். முழங்கால் மேஜையில் இடித்தது. தலைமை ஆசிரியர் வாசலில் கைகட்டி நின்றிருந்தார். பாட்டு அறையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாராம், அந்த வருத்தம் முகத்தில் தெரிந்தது.

தங்கை பொத்தானை அழுத்தினாள். வாயாடி ஸ்பீக்கரில் கணீரென்று படித்தது: “கூடையில் பன்னிரண்டு பழங்கள். அவற்றில் நான்கில் மூன்று பங்கு எத்தனை?”

நேராக, சுத்தமாக, ஒரு தப்பும் இல்லாமல். நான் உம்மணாமூஞ்சியை முழங்கையால் இடித்தேன். அவர் சிரித்தார், சத்தியமாகச் சிரித்தார்.

“பதினாறு!” என்று கத்தியது மொத்த வகுப்பும்.

எங்கள் சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளைகள் இரண்டு வருடப் பழக்கத்தில் மனசுக்குள் புரட்டிப்போட்டுவிட்டார்கள். மெஷின் நேராகப் பேசும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? எங்கள் சண்டையை நாங்கள் ஒரு மேஜையில் முடித்துக்கொண்டோம், அது இன்னும் அந்தச் சின்னத் தலைகளுக்குள் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உம்மணாமூஞ்சி குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். “பன்னிரண்டு பழத்துல பதினாறு பழமா? இது கணக்கு மாதிரி தெரியலையே டீச்சர்.”

தங்கை மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முன்னால் கோத்து, கச்சேரிக்கு நிற்கிற மாதிரி நின்றாள்.

“பாட்டு மாதிரி தெரியுதா சார்? பாடிக் காட்டட்டுமா?”

“வேண்டாம் மிஸ்!” வகுப்பே அலறியது. ஆண்டுவிழா ஒன்றில் ஒரே ஒரு முறை அவள் பாடிக் கேட்டிருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் அன்று விடுப்பில் இருந்தாராம், ஆனால் இந்த அலறலிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

தங்கை வகுப்பின் பக்கம் திரும்பினாள். “இங்க பாருங்க. பழைய சட்டம் முடிஞ்சுபோச்சு. இனிமே அது சொல்றதுதான் சரி, யாரும் எதையும் புரட்டக் கூடாது. பின்னாடி உக்காந்திருக்காங்களே ரெண்டு பேர், அவங்க புரட்டினா மட்டும் எனக்கு வந்து சொல்லுங்க. இப்ப மறுபடி கேளுங்க.”

அவள் பொத்தானை அழுத்தினாள்.